பொது டேப்லெட்டில் கெஸ்ட் மோட்: அழிப்பதில் குறையில்லை, 'எக்ஸிட்' அழுத்தத்தான் ஆளில்லை

பலர் கைமாற்றிப் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கு கெஸ்ட் மோட் (வந்துபோகிறவருக்கான தற்காலிகப் பயனர் பகுதி) போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். போதும் என்று ஒரே வரியில் சொல்ல மனம் வரவில்லை. நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகும் ஒரு எரிச்சல் தீரவே இல்லை. முந்தைய ஆளின் தகவல்களை கெஸ்ட் மோட் அருமையாக அழிக்கிறது. ஆனால் யாராவது 'எக்ஸிட்' அழுத்தினால்தான் அழிக்கிறது. வேலை முடிந்து எழுந்து போகிறவர் அதை அழுத்துவதில்லை. டேப்லெட்டை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். சற்று நேரத்தில் திரை அணைகிறது. அடுத்தவர் பவர் பட்டனைத் தொட்டதும் முன்னவரின் மெயில் அப்படியே திறந்து நிற்கிறது.

கோபத்துக்கு முன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆண்ட்ராய்டில் டேப்லெட்டுக்குப் பல பயனர் வசதி 2012-இல் 4.2 பதிப்போடும், கெஸ்ட் மோட் 2014-இல் 5.0 பதிப்போடும் வந்தன. இன்றைய டேப்லெட்டுகளில் ஒவ்வொரு பயனரின் கோப்புகளும் அவரவருக்கான தனிச் சாவியால் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். கெஸ்டை நீக்கும்போது அந்தச் சாவியே அழிகிறது. ஃபிளாஷ் நினைவகத்தின் ஏதோ ஒரு மூலையில் பழைய துணுக்குகள் மிஞ்சியிருந்தாலும் அவற்றைப் படிக்க வழியில்லை. அதனால்தான் எத்தனை ஜிபி நிரம்பியிருந்தாலும் வேலை சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. கோப்புகளின் மேல் திரும்பத் திரும்ப எழுதி அழிப்பதாகச் சொல்லும் ஆப்கள் இங்கே வீண். ஃபிளாஷ் நினைவகம் தேய்மானத்தைப் பரவலாக்க ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்தான் எழுதும். பழைய இடம் தொடப்படாமலே கிடக்கும். சாவியை அழிப்பதுதான் சரியான முறை, அதை கெஸ்ட் மோட் சரியாகவே செய்கிறது.

இதே டேப்லெட்டில் உரிமையாளரின் கணக்கைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, மாலையில் உட்கார்ந்து கையால் சுத்தம் செய்பவர்களை நிறையப் பார்க்க முடிகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிரவுசர் ஹிஸ்டரியை அழித்தால் டவுன்லோட் செய்த கோப்பு அழியாது. ஆப்பின் டேட்டாவை கிளியர் செய்தாலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் விழுந்த பிடிஎஃப் அங்கேயே இருக்கும், ஏனென்றால் அது ஆப்பின் சொந்த இடமே அல்ல. போட்டோவை டெலிட் செய்தால் குப்பைத் தொட்டிக்குப் போய் வாரக்கணக்கில் காத்திருக்கும். இன்காக்னிட்டோ மோடில் ஒரு டேபை மூடிவிட்டு லாகவுட் ஆகிவிட்டதாக நினைப்பார்கள். கடைசி இன்காக்னிட்டோ டேப் மூடப்படும்வரை எல்லா டேபுக்கும் ஒரே செஷன்தான்.

இவற்றைவிடக் கூச்சப்படுத்துவது கீபோர்டு. மெயில் முகவரிக் கட்டத்தில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும், மேலே வரும் பரிந்துரை வரிசையில் யாரோ ஒருவரின் முழுப்பெயர் எட்டிப் பார்க்கும். ஷேர் பட்டனை அழுத்தினால் மேல்வரிசையில் அவர் கடைசியாகப் பேசிய நால்வரின் முகங்கள் வட்ட வட்டமாக நிற்கும். கையால் சுத்தம் செய்கிறவர் இந்த இரண்டு இடத்தையும் பார்ப்பதே இல்லை. கூகுளின் கீபோர்டான ஜிபோர்டு என்றால் அதன் அமைப்புகளில் பிரைவசி பகுதிக்குப் போய், கற்றுக்கொண்ட சொற்களை நீக்கும் வசதியைத் தேட வேண்டும்; அதன் கிளிப்போர்டில் 'பின்' குத்தி வைக்காதவை ஒரு மணி நேரம் இருக்கும், குத்தி வைத்தவை போகவே போகாது. கெஸ்ட் மோடில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கீபோர்டின் நினைவும் அந்தப் பயனரோடு சேர்ந்தே போய்விடுகிறது. இந்த ஒன்றுக்காகவே அதை மனதாரப் பாராட்டலாம்.

இனி அமைப்பது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் மல்டிபிள் யூசர்ஸ். சில தயாரிப்புகளில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குள் யூசர்ஸ் என்று இருக்கும். தேடல் பெட்டியில் தேடினால் கிடைத்துவிடும். ஆண்ட்ராய்டு 13 முதல் 'டெலிட் கெஸ்ட் ஆக்டிவிட்டி' என்றொரு சுவிட்ச் உண்டு. அதை ஆன் செய்தே ஆக வேண்டும். ஆஃபில் இருந்தால், வெளியேறும்போது சேமிக்கவா அழிக்கவா என்று ஒரு கேள்வி வரும். கெஸ்டாக வந்தவருக்கு அந்தக் கேள்வியின் பொருளே புரியாது. சேமித்தால்தான் தன் வேலை பத்திரம் என்று நினைத்து சேவ் அழுத்திவிடுவார். அடுத்து வருபவரை 'வெல்கம் பேக், கெஸ்ட்' என்று வரவேற்று, தொடர்கிறீர்களா, புதிதாகத் தொடங்குகிறீர்களா என்று டேப்லெட் கேட்கும். முன்பின் தெரியாத ஒருவரின் மெயிலைத் திறந்து பார்க்க அழைப்பிதழ் கொடுக்கும் கேள்வி அது. இப்படி ஒரு தேர்வைக் கெஸ்டின் கையில் கொடுத்தவர்கள் மீது இன்னும் கோபம் தீரவில்லை.

இரண்டாவது, உரிமையாளர் கணக்குக்குக் கட்டாயம் பின் எண் வேண்டும். கெஸ்டிலிருந்து வெளியேறினால் டேப்லெட் உரிமையாளரின் திரைக்குத்தான் திரும்புகிறது. அங்கே பூட்டு இல்லையென்றால், ஒழுங்காக எக்ஸிட் அழுத்திய நல்ல மனிதர் நேரே நிர்வாகியின் கணக்குக்குள் போய் நிற்பார். அதோடு, பூட்டுத்திரையிலிருந்தே பயனரைச் சேர்க்க அனுமதிக்கும் சுவிட்சையும் ஆன் செய்துவிட்டால், அடுத்தவர் பின் எண் கேட்காமலே புதிய கெஸ்டாக நுழையலாம்.

ரீஸ்டார்ட் செய்தால் கெஸ்ட் அழிந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். அது தயாரிப்பாளர் வைத்த அமைப்பைப் பொறுத்தது. உங்கள் மாடலில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கெஸ்டாக நுழைந்து ஒரு போட்டோ எடுங்கள். ஒரு பிடிஎஃப் இறக்குங்கள். ஒரு பொய்ப்பெயரைப் பலமுறை தட்டுங்கள். ஏதாவது ஒரு தளத்தில் சோதனைக் கணக்கில் லாகின் செய்யுங்கள். ஒரு புதிய வைஃபையைச் சேருங்கள். ஒரு ஹெட்போனை இணையுங்கள். பிறகு ஒருமுறை எக்ஸிட் செய்தும், இன்னொருமுறை எக்ஸிட் செய்யாமல் ரீஸ்டார்ட் மட்டும் செய்தும் எது மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

எக்ஸிட் செய்த பிறகும் மிஞ்சுகிறவை உண்டு. வைஃபை எல்லாப் பயனருக்கும் பொது. ஒருவர் தன் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் டேப்லெட்டைச் சேர்த்திருந்தால் அதன் பெயரும் பாஸ்வேர்டும் அங்கேயே தங்கிவிடும். அந்தப் பெயர் பெரும்பாலும் அவருடைய பெயராகவே இருக்கும். புளூடூத்தும் அப்படியே. மெமரி கார்டைப் பொது டேப்லெட்டில் போடவே கூடாது: ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் கார்டைத் தனியாக ஃபார்மேட் செய்தால்தான் அதிலிருப்பது போகும்.

இன்னொன்றையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டேப்லெட்டில் இருக்கும் லாகின் அழிவது வேறு, அந்தச் சேவையின் சர்வரில் செஷன் முடிவது வேறு. கெஸ்ட் அழிந்த பிறகும் கூகுள் கணக்கின் 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் அந்த டேப்லெட் தெரியலாம். வாட்ஸ்அப்பில் இணைத்திருந்தால் போனில் 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலில் நிற்கலாம். ஆபத்து ஒன்றுமில்லை, என்றாலும் வீட்டுக்குப் போய் அதைப் பார்க்கிறவர் பதறிப்போவார். எக்ஸிட் அழுத்தாமல் போனவருக்கோ இந்தப் பட்டியல்தான் கடைசிக் கதவு: போனிலிருந்தே அந்த டேப்லெட்டை லாகவுட் செய்துவிடலாம். மேசைக்குப் பக்கத்தில் ஒட்டும் அறிவிப்பில் 'எக்ஸிட் அழுத்தவும்' என்பதோடு இதையும் எழுதி வைப்பது உண்மையான உதவி.

ஐபேட் எப்படி என்ற கேள்வியும் உடன் வரும். சாதாரண ஐபேடில் பல பயனர் வசதியே கிடையாது. கைடட் ஆக்சஸ் ஒரே ஆப்பில் கட்டி நிறுத்தும், எதையும் அழிக்காது. கடையில் வாங்கியபடியே பொதுவில் வைப்பதென்றால், குறைந்தபட்சம் ஸ்கிரீன் டைம் கட்டுப்பாடுகளில் கணக்கு மாற்றத்தைத் தடுத்துவிடுங்கள். யாராவது தன் ஆப்பிள் கணக்கில் நுழைந்து, தொலைந்த சாதனத்தைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை' ஆனில் இருக்கும்போது கிளம்பிவிட்டால், பிறகு ஐபேடை அழித்தாலும் ஆக்டிவேஷன் லாக் அவருடைய பாஸ்வேர்டைக் கேட்கும். ஆண்ட்ராய்டிலும் இதே வம்பு 5.1 முதல் உண்டு: உரிமையாளர் பகுதியில் சேர்த்த கூகுள் கணக்கை நீக்காமல், செட்டிங்ஸுக்குள் போகாமலே பட்டன்களை அழுத்தித் திறக்கும் ரெகவரி திரை வழியாக ரீசெட் செய்தால், பழைய கணக்கைக் கேட்டு நிற்கும்.

நிறுவனங்கள் தங்கள் சாதனங்களைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்தும் நிர்வாக மென்பொருளோடு (எம்டிஎம்) இணைத்த ஐபேடின் கதை வேறு. அதைப் பார்க்கும்போதுதான் கெஸ்ட் மோட் மீது எனக்குக் கோபம் அதிகமாகிறது. ஒரே ஐபேடைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்த உதவும் 'ஷேர்டு ஐபேட்' வசதியின் தற்காலிக செஷன் 2020-இல் ஐபேட்ஓஎஸ் 13.4-உடன் வந்தது. சைன் அவுட் ஆனதும் அந்தச் செஷனில் இருந்த அனைத்தும் அழியும். 14.5 முதல், இத்தனை நேரம் யாரும் தொடவில்லையென்றால் தானாக சைன் அவுட் ஆகும்படி அமைக்கலாம். மதிப்பை வினாடியில் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு 300. எழுந்து போகிறவரின் நினைவாற்றலை நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஆப்பிளின் பள்ளி அல்லது நிறுவனக் கணக்கு, எம்டிஎம், குறைந்தது 32 ஜிபி கொண்ட ஐபேட் எல்லாம் வேண்டும்; ஆப்களையும் எம்டிஎம் வழியாகத்தான் அனுப்ப முடியும். ஒற்றை டேப்லெட் வைத்திருப்பவருக்கு இது பெரிய சுமைதான்.

ஒவ்வொருவருக்குப் பிறகும் முழுதாக அழித்துக் கொடுக்க விரும்புவோருக்கு, ஐபேட்ஓஎஸ் 17-இல் வந்த 'ரிட்டர்ன் டு சர்வீஸ்' இருக்கிறது. அழிக்கும் கட்டளையோடு வைஃபை விவரமும் சேர்ந்தே போவதால், யாரும் தொடாமலே ஐபேட் தானாக இணைந்து முகப்புத்திரைக்கு வந்து நிற்கும். வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு அந்த விவரத்தைப் புதுப்பிக்க மறந்தாலும், பிரவுசரில் லாகின் கேட்கும் வகை வைஃபையாக இருந்தாலும், பாதி வழியிலேயே நின்றுவிடும். அதற்கென்று சாதாரணப் பாஸ்வேர்டு கொண்ட தனி வைஃபை ஒன்றை ஒதுக்கிவிடுவது நல்லது.

ஆண்ட்ராய்டிலும் எம்டிஎம் வழியாகப் போனால் இதற்கு இணையான வசதி உண்டு. ஆண்ட்ராய்டு 9 முதல், வெளியேறியதும் தானாக அழியும் தற்காலிகப் பயனரை நிர்வாக மென்பொருள் உருவாக்க முடியும். ஒவ்வொரு ஆப்பின் டேட்டாவையும் அதுவே அழிக்கவும் முடியும். அடித்தளம் எல்லாம் அங்கே தயாராக இருக்கிறது. சாதாரணமாக வாங்கிய டேப்லெட்டின் செட்டிங்ஸில் ஒரு வரியாக மட்டும் அது வரவில்லை.

ஆகவே நண்பருக்கு: டேப்லெட்டைக் கையால் கொடுத்துக் கையால் திரும்ப வாங்கும் இடமென்றால், தாராளமாக கெஸ்ட் மோட். திரும்ப வாங்குபவர் மேலிருந்து திரையை இழுத்து, பயனர் படத்தைத் தொட்டு, எக்ஸிட் கெஸ்ட் அழுத்தி, பூட்டுத்திரை வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அழிக்கும் திறமைக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் 5-க்கு 5 போடுவேன். ஆளில்லாத மேசையில் வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்றால், மேலே சொன்ன அத்தனை பாராட்டுக்குப் பிறகும் 5-க்கு 2-தான். 'ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் கெஸ்டை அழி' என்ற ஒரு சுவிட்ச் செட்டிங்ஸில் வரட்டும், அன்றைக்கே இந்த மதிப்பெண்ணை மாற்றுகிறேன்.