பெட்டிக்குள் காசா, கைக்குள் காசா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் பீடோங்கில் பழங்காசு சேர்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் இந்த ஒரு வழக்கு மட்டும் ஓயாது: ஒரு நிறுவனம் தரம் பார்த்து, சான்றோடு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த காசை வாங்குவதா, வெறும் காசாக வாங்குவதா? நான் இரண்டும் வாங்கியிருக்கிறேன். காசைப் பொறுத்து என் பதில் மாறும்.

ராஜராஜ சோழனின் செப்புக்காசை எடுத்துக்கொள்வோம். அவன் மகன் ராஜேந்திரன் 1025-இல் படை அனுப்பிய கடாரம் இந்தக் கெடாதான். பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கும் மெர்போக் எங்களுக்குப் பக்கத்து ஊர். அதனால் இந்தக் காசின்மேல் எங்களுக்குத் தனி ஆசை. ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'.

என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் தேய்மானமே தெரியாது, ஆனால் அச்சு அடிக்கும்போது தகடு நகர்ந்து, பெயரில் பாதி காசுக்கு வெளியே போய்விட்டது. மற்றது பல கை மாறி மழுங்கியது, ஆனால் பெயர் முழுதாக இருக்கிறது. தேய்மானத்தை மட்டும் பார்த்தால் முதல் காசுதான் உயர்ந்த தரம். எனக்கு உயிர் இரண்டாவது.

2008 முதல் பழங்காசுகளுக்குத் தரம் தரும் என்ஜிசி என்ற அமெரிக்க நிறுவனமும் இந்தச் சிக்கலைக் கணக்கில் எடுத்திருக்கிறது. புதுக்காசுகளுக்கான 70 புள்ளி அளவுகோல் இங்கே இல்லை. தேய்மானத்துக்கு வி.எஃப் (நல்ல நிலை), எக்ஸ்.எஃப் (அதைவிடத் தேய்மானம் குறைவு) என்று எழுத்து. அச்சுக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண், மேற்பரப்புக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண். வாங்குகிறவர்களில் பலர் எழுத்தோடு நின்றுவிடுகிறார்கள். அச்சுக்கு 2 வாங்கிய எக்ஸ்.எஃப்பைவிட 5 வாங்கிய வி.எஃப் எவ்வளவோ மேல்.

சரி, செலவு? ராஜராஜன் செப்புக்காசு மலிவு. அதை அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கினால், காசின் விலையைவிடக் கட்டணம் கூடுதல். அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு காசு வாங்கலாம்.

வெறும் காசில் இருக்கும் ஆபத்து போலி. சில வருடங்களுக்கு முன் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 60 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து இதே சோழர் காசு ஒன்று வாங்கினேன். சாப்பாட்டுக் கடையில் காட்டினேன். மூத்த அண்ணன் ஒருவர் உருவத்தைப் பார்க்கவே இல்லை. விளிம்பை நகத்தால் வருடிவிட்டு, "தம்பி, இங்க ஒரு கோடு ஓடுது பாரு. வார்த்தது" என்றார். உலோகத்தை உருக்கி ஊற்றிய வார்ப்பு அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மயிரிழை போல ஒரு தழும்பு. சுத்தியலால் அடித்த காசில் அது வராது. அன்று கற்றதை எந்தப் பெட்டியும் எனக்குக் கற்றுத் தந்திருக்காது. பெட்டிக்குள் இருந்தால் விளிம்பைத் தொட முடியாது.

ஏதென்ஸ் ஆந்தைக்காசு என்றால் பேச்சே வேறு. சுமார் 17 கிராம் வெள்ளி, கி.மு. 5-ஆம் நூற்றாண்டு, விலை ஆயிரக்கணக்கான ரிங்கிட், போலிகளும் ஏராளம். அங்கே என் நகத்தை நம்பமாட்டேன். உத்தரவாத விதிகளை வாசித்துவிட்டுப் பெட்டிக்காசைத்தான் வாங்குவேன்.

அப்புறம் நம் ஊர்ப் புழுக்கம். செம்பில் வெளிர்பச்சைத் தூள் பூத்தால் அது நோய். உள்ளே இருக்கும் குளோரைடும் ஈரமும் சேர்ந்து காசை அரிக்கும். பெட்டி காற்றுப்புகாதது இல்லை, அதனால் அடைத்த காசுக்கும் இது வரலாம். வெறும் காசில் உடனே கண்டுபிடித்து வைத்தியம் பார்க்கலாம். பெட்டியை உடைத்தால் சான்று போய்விடும். பிவிசி என்ற மென்பிளாஸ்டிக் உறை மட்டும் வேண்டவே வேண்டாம், அதுவே பச்சைப் பிசினைக் கக்கும். காகித உறையும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

எதை வாங்கினாலும் பழைய ரசீதைக் கேளுங்கள். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயது கடந்த காசைத் தனியார் அங்கிருந்து வெளியே கொண்டுவர முடியாது. இந்தியாவுக்குப் போகும்போது வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வரலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காசு எப்போது, எந்த வழியாக இங்கே வந்தது என்பதைத் தர எழுத்து சொல்லாது.