டிஸ்சார்ஜ் எழுதியாச்சு, ஆனால் வீட்டுக்குப் போக முடியவில்லை

கல்யாணத்துக்காக லண்டனிலிருந்து மதுரை போனேன். பாதி விடுமுறை ஆஸ்பத்திரியில் போனது. சித்தப்பா மேல் பைக் மோதி, முறிந்த தொடை எலும்பில் கம்பி வைத்திருந்தார்கள். தனியார் மருத்துவமனை. ஆபரேஷனில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

காலை ரவுண்ட்ஸில் டாக்டர், "இன்னைக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றார். வீடு போய்ச் சேர மறுநாள் மாலையாகிவிட்டது. டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகி வரவே மதியம் தாண்டியது. அப்புறம் மருந்துக் கணக்கு, பில், கடைசியாகக் காப்பீட்டு ஒப்புதல். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் (பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேராக மருத்துவமனைக்குக் கட்டுவது) இறுதி ஒப்புதல் 3 மணி நேரத்துக்குள் வர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் கூடுகிற செலவு காப்பீட்டு நிறுவனத்துடையது. நல்ல விதிதான். ஆனால் அந்த 3 மணி நேரம், மருத்துவமனையின் கோரிக்கை அவர்கள் கைக்குக் கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது. எங்கள் ஃபைல் சாயங்காலம் வரை பில்லிங்கிலேயே கிடந்தது.

பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு. டிஸ்சார்ஜ் எழுதியதும் சித்தப்பா யார் பொறுப்பிலும் இல்லாத ஆளாகிவிட்டார். வாக்கர் பிடித்து நடக்க வைக்கும் பிசியோ அன்று வரவில்லை. கேட்டால், "லிஸ்ட்ல பேரு இல்லையே". ராத்திரி, ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசிக்கு நேரமாயிற்று. "கணக்கு முடிச்சாச்சுண்ணே, நீங்களே வாங்கிட்டு வந்துருங்க" என்றார் சிஸ்டர். தம்பி கீழே ஓடிப்போய்க் காசு கொடுத்து வாங்கி வந்தான். தொடை எலும்பு முறிந்த வயதானவருக்குப் படுத்தே கிடப்பதுதான் ஆபத்து: காலில் ரத்தம் உறையலாம், நெஞ்சில் சளி கட்டலாம், படுக்கைப் புண் வரலாம். கீழே அவசரப் பிரிவில் இன்னொரு விபத்துக் கேஸ், வார்டில் கட்டில் காலியில்லை என்று ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தது.

லண்டனிலும் தாமதம் உண்டு, இதைவிட நீளமாகவே. ஆனால் அங்கே பெரும்பாலும் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடாகாமல் இழுக்கும். வீட்டில் எத்தனை படி, கழிப்பறை எவ்வளவு உயரம் என்றுகூட விசாரிப்பார்கள். இங்கே அதை ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட்.

இப்படி மாட்டுகிறவர்கள், முதல் நாள் மாலையே சம்மரியைத் தயார் செய்யச் சொல்லிவிடுங்கள். கோரிக்கை எத்தனை மணிக்குப் போனது என்று இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி ஏறும்வரை ஊசியும் பிசியோவும் நிற்கக் கூடாதென்று டாக்டரிடமே சொல்லுங்கள். கமோடு நாற்காலியை நாங்கள் எதிரேயிருந்த சர்ஜிகல்ஸ் கடையில் வாங்கினோம், வாடகைக்கும் தருகிறார்கள்.