எல்5 இருக்குற போன்ல ஜிபிஎஸ்: ரொம்ப நாள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

ஜிபிஎஸ் சாட்டிலைட் சிக்னல் அனுப்புற அலைவரிசைகள்ல ரெண்டுதான் எல்1, எல்5. முன்னாடி வெச்சிருந்த போன்ல எல்1 மட்டும்தான், இப்ப இருக்குறதுல எல்1, எல்5 ரெண்டும் இருக்கு. ரெண்டையும் பைக் ஹேண்டில்ல மாட்டி சென்னைக்குள்ளயும் வெளியூருக்கும் வருஷக்கணக்கா ஓட்டியாச்சு. கேமராவுக்குப் பக்கம் பக்கமா ரிவ்யூ போடுறாங்க, இதைப் பத்தி ஒரு வரி எழுத ஆளைக் காணோம்.

வித்தியாசம் நல்லாத் தெரியுறது சவுகார்பேட்டைலதான். குறுகலான சந்து, ரெண்டு பக்கமும் மாடி மாடியா கட்டடம். நாம மின்ட் ஸ்ட்ரீட்ல நிப்போம், பழைய போன்ல நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுல ஏதோ ஒரு வீட்டுக்குள்ள போய் உக்காந்திருக்கும். சாட்டிலைட்டைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, பிரச்சனை சுவருதான். சிக்னல் சுவத்துல பட்டு எகிறி வருது, அந்தச் சுத்து வழியையும் சேத்துத்தான் போன் தூரம்னு எடுத்துக்குது. ஏன்னா இதுல அளக்குறதே நேரத்தைத்தான். 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற ஜிபிஎஸ் சாட்டிலைட் தான் எங்க இருக்கேன், இப்ப மணி என்னன்னு சொல்லிட்டே இருக்கும், அது கீழ வந்து சேர சுமார் 0.07 செகண்ட், அந்த நேரத்தை வெச்சுத்தான் தூரமே. ஒரு மைக்ரோசெகண்ட் பிசகினா 300 மீட்டர் போச்சு. சாட்டிலைட்ல இருக்குறது அணுக் கடிகாரம், அது மேல போனா ஐன்ஸ்டீன் கணக்குப்படி ஒரு நாளைக்கு 38 மைக்ரோசெகண்ட் வேகமா ஓடும்னு தெரிஞ்சே, கிளம்புறதுக்கு முன்னாடியே துளி மெதுவா ஓடுற மாதிரி செட் பண்ணித்தான் அனுப்புறாங்க. நம்ம போன்ல இருக்குறதோ சாதா குவார்ட்ஸ். மூணு சாட்டிலைட் போதாம நாலாவது ஒண்ணு வேணும்னு சொல்றது இதுக்குத்தான், போன் கடிகாரம் எவ்வளவு தப்புன்னும் சேத்துக் கண்டுபிடிக்கணும்ல.

எல்5 வர்றது 1176.45 மெகாஹெர்ட்ஸ்ல, அதோட கோட், அதாவது நேரத்தை அளக்க வர்ற பிட் வரிசை, ஓடுற வேகம் எல்1ல சாதாரணமா வர்ற கோடைவிட பத்து மடங்கு, அதனால நேரா வந்ததையும் எகிறி வந்ததையும் பிரிச்சுப் பாக்குறது போனுக்கு ஈஸி. அதே மின்ட் ஸ்ட்ரீட்ல இப்ப புள்ளி கொஞ்சம் ஆடும், ஆனா தெரு மாறாது. எனக்கு அது போதும்.

கத்திப்பாராவுல மட்டும் எல்5 வந்தும் பெருசா ஒண்ணும் மாறல. பாலத்து மேல போயிட்டிருப்போம், கீழ ரோட்டுல இருக்குற மாதிரி இடது பக்கம் திரும்புன்னு மேப்ல பேசுற அந்தம்மா சொல்லும். சாட்டிலைட் எல்லாமே நம்ம தலைக்கு மேலதான், கீழ இருக்குறதை பூமி மறைச்சிடும், அதனால உயரத்துல எப்பவுமே தப்பு ஜாஸ்தி. மேலயா கீழயாங்கிறது மேப் ஆப்போட யூகம்தான்.

நெட் இல்லன்னா ஜிபிஎஸ் வேலை செய்யாதுன்னு இன்னும் நிறைய பேர் சொல்றாங்க, அது மேப்புக்குத்தான்பா. போன் மேல எதையும் அனுப்புறதே இல்ல, வர்றதைக் கேக்குது அவ்வளவுதான். கொல்லிமலைல 70 ஹேர்பின்லயும் டவர் வந்து வந்து போகும், முன்னாடியே மேப்பை டவுன்லோடு பண்ணி வெச்சிருந்ததால புள்ளி பாட்டுக்கு நகர்ந்துச்சு. ஒண்ணு மட்டும், அடிவாரம் காரவள்ளிலயே ஆன் பண்ணிடுங்க. சாட்டிலைட்ல இருந்து டேட்டா வர்றது செகண்டுக்கு வெறும் 50 பிட், நெட் இருந்தா அதே விவரம் டக்குன்னு இறங்கிடும், இல்லாட்டி வானத்தைப் பாத்து அரை நிமிஷத்துக்கு மேலயே நிக்கணும்.

வேகம் காட்டுறது சூப்பர். பைக் மீட்டர் 80ன்னா போன் 75 பக்கம் சொல்லும், போனைத்தான் நம்பலாம், மீட்டரைக் கம்பெனிலயே கொஞ்சம் கூட்டித்தான் வெப்பாங்க. பேட்டரி, மே மாச வெயில்ல சூடு, ரெண்டும் எதிர்பாத்த அளவு மோசம்தான்.

ஜிபிஎஸ் மாதிரி இந்தியாவோட சொந்த சாட்டிலைட் சிஸ்டம், நம்ம நாவிக் பத்திக் கேப்பீங்க. ஜிபிஎஸ் டெஸ்ட் ஆப்ல இந்தியக் கொடி போட்டு வரிசையா வருது, பாக்க சந்தோஷமா இருக்கு. பழைய நாவிக் சாட்டிலைட் எல்லாம் எல்5லயும் எஸ் பேண்ட்ங்கிற இன்னொரு அலைவரிசைலயும் மட்டும்தான் பேசும், அதனால எல்1 மட்டும் இருக்குற போனுக்கு அது இருந்தும் இல்லாத மாதிரி. 2023 மே மாசம் மேல போன என்விஎஸ்-01ங்கிற புது நாவிக் சாட்டிலைட்லதான் எல்1 சேத்தாங்க. அதனால வாங்கப் போறவங்க பெட்டில நாவிக்னு போட்டிருக்கான்னு பாக்குறதோட விடாம, ஸ்பெக் ஷீட்ல எல்5 இருக்கான்னும் பாருங்க.