சைப்பானா, தினியானா?

பசிபிக் கடலில் இருக்கும் வட மரியானா தீவுகளில் இரண்டாம் உலகப் போரின் சுவடுகளைப் பார்க்க ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், நான் சைப்பானைத்தான் சொல்வேன்.

அப்போது ஜப்பான் வசமிருந்த இந்தத் தீவில், 1944 ஜூன் 15 அன்று அமெரிக்கப் படை இறங்கிய மேற்குக் கரையில், ஆழமில்லாத நீரில் ஷெர்மன் டாங்கிகள் இன்றும் துருப்பிடித்து நிற்கின்றன. வடகோடியில் பான்சாய் முனை. பிடிபட்டால் கொடுமைப்படுத்துவார்கள் என்று நம்பவைக்கப்பட்ட ஜப்பானியக் குடும்பங்கள், குழந்தைகளோடு அங்கிருந்து கடலில் குதித்தன. விளிம்போரம் வரிசையாக நினைவுக் கற்கள். அங்கே செல்ஃபி வேண்டாம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு வாருங்கள். அப்புறம் அமெரிக்க நினைவுப் பூங்கா. போரில் மாண்ட உள்ளூர் மக்களான சமோரோ, கரோலினிய இனத்தவரின் பெயர்களை அங்கே பொறித்திருக்கிறார்கள். யாருடைய மண்ணில் இந்தச் சண்டை நடந்தது என்பதை அந்தப் பெயர்கள்தான் சொல்கின்றன.

பக்கத்துத் தீவான தினியானுக்குச் சிறு விமானத்தில் கால் மணி நேரம் போதும். ஆனால் அங்கே வாடகைக் கார் இல்லாமல் சுற்றுவது கஷ்டம். பார்க்க வேண்டியது வடக்கு விமானத்தளம். ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் 1945 ஆகஸ்ட் 6, 9 தேதிகளில் விமானங்கள் கிளம்பிய இடம். அணுகுண்டுகள் மிகப் பெரியவை என்பதால், குழியில் இறக்கி, மேலே பி-29 குண்டுவீச்சு விமானத்தை நிறுத்தி, கீழிருந்து தூக்கி ஏற்றினார்கள். அந்த இரண்டு குழிகளும் கண்ணாடிக் கூரையோடு இருக்கின்றன. நிழல் குறைவு, வெயில் கடுமை; தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள்.

இரண்டு நாள் கிடைத்தால் சைப்பானை முடித்துவிட்டு, மறுநாள் காலை விமானத்தில் தினியானுக்குப் போகலாம்.