டெஸ்க்டாப் ரேம்: வருடக்கணக்கில் ஓட்டிய பிறகு எது முக்கியமாகப் படுகிறது

ரேம் வாங்கும்போது முதலில் கண் போவது பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் வேகத்தின் மீது. நான்கு ஐந்து வருடம் ஒரே கம்ப்யூட்டரை ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், வேகத்தைப் பற்றிக் குறை சொல்பவர்கள் மிகக் குறைவு. "அன்றைக்கே 32 ஜிபியாகப் போட்டிருக்கலாம்" என்பதுதான் பெரும்பாலும் வரும் வருத்தம். ஆகவே முதலில் அளவு, பிறகு ஜோடி, அதன் பிறகு வேகம் என்ற வரிசையில் முடிவெடுங்கள்.

எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. உங்கள் வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். 'அவைலபிள்' (மீதமிருக்கும் இடம்) 1 ஜிபிக்குக் கீழே இறங்கி, 'கமிட்டட்' (புரோகிராம்கள் கேட்டு வாங்கிய மொத்த மெமரி) எண் பொருத்தியிருக்கும் ரேம் அளவைத் தாண்டி நின்றால், மீதி எஸ்எஸ்டியில் உள்ள பேஜ் ஃபைலுக்கு (ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் ஃபைல்) வழிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். டேப் மாற்றும்போது அரை நொடி உறைவது அதனால்தான். பிரவுசர், ஆபீஸ் வேலைக்கு 16 ஜிபி போதும். கேம், போட்டோ எடிட்டிங், புரோகிராமிங் என்றால் 32. 4கே வீடியோ எடிட்டிங், இரண்டு மூன்று விர்ச்சுவல் மெஷின் என்றால் 64. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் திரைக்கான மெமரியும் இதே ரேமிலிருந்துதான் போகிறது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளவு முடிவானதும், அதை இரண்டு ஸ்டிக்காக (ஸ்லாட்டில் செருகும் ரேம் அட்டை), ஒரே பெட்டியில் வரும் கிட்டாக வாங்க வேண்டும். டிடிஆர்4-3200, அதாவது டிடிஆர் நான்காம் தலைமுறையில் 3200 வேகமுள்ள ரேம், ஒரு சேனலில் (சிபியுவுக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை) நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும், இரண்டு சேனலில் 51.2. ஒற்றை ஸ்டிக் போட்டால் அதில் பாதி கைவிட்டுப் போகிறது. தனி கார்டு இல்லாமல் கேம் ஆடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

"இப்போது இரண்டு, பிறகு இன்னும் இரண்டு" என்ற திட்டம்தான் அதிகம் சிக்கலில் முடிகிறது. ஒரே மாடல் எண் இருந்தாலும் ஆறு மாதம் கழித்து வாங்கும் ஸ்டிக்கில் உள்ளே வேறு நிறுவனத்தின் சிப் இருக்கலாம். கிட்டாக வருபவை மட்டுமே சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. டிடிஆர்5-இல் நிலைமை இன்னும் கடுமை. ரைசன் 7000 சிபியு வரிசைக்கு அதன் தயாரிப்பாளர் ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு போட்டால் 3600. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும்போது சிபியுவில் உள்ள மெமரி கன்ட்ரோலர் மீது சுமை கூடி, சிக்னல் தரம் குறைகிறது. 64 வேண்டுமென்றால் 32 இரண்டு, 48 போதுமென்றால் 24 இரண்டு. டிடிஆர்5-இல் 8 ஜிபி ஸ்டிக் பக்கமே போகாதீர்கள். அதில் பொதுவாக எட்டுக்குப் பதில் நான்கு சிப்தான் இருக்கும், பேங்க் குரூப்பும் (சிப்புக்குள் மாறி மாறி வேலை செய்யும் உட்பிரிவு) பாதி என்பதால் அதே வேகம் எழுதியிருந்தாலும் மந்தமாகவே ஓடும்.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின் இருந்தாலும் நடுவில் உள்ள வெட்டின் இடம் வேறு. ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் உட்காராது. ஏஎம்4 மதர்போர்டு என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5 (இரண்டும் ஏஎம்டியின் சிபியு சாக்கெட் வகைகள்). இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை போர்டைப் பொறுத்து இரண்டில் ஒன்று, எனவே போர்டின் முழுப் பெயரைப் பார்க்காமல் ரேம் வாங்கக் கூடாது. விலை மலிவாகக் கிடைக்கும் சர்வர் ரேமான ஆர்டிம், சாதாரண டெஸ்க்டாப் போர்டில் வேலை செய்யாது.

வேகத்துக்கு வருவோம். வேக எண்ணையும் சிஎல் எண்ணையும் (கேட்ட தகவலைத் தர ரேம் எடுக்கும் கிளாக் சுற்றுகள்) சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சிஎல்லை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோசெகண்டில் வரும். 3200 சிஎல்16 என்றால் 10. 6000 சிஎல்30-உம் 10 தான். 6000 சிஎல்36 என்றால் 12. 5600 சிஎல்46 என்றால் 16-க்கு மேல். ரைசன் 5000-க்கு 3600 சிஎல்16 அல்லது சிஎல்18, ரைசன் 7000-க்கு 6000 சிஎல்30 என்பது நல்ல இடம். அதற்கு மேல் கொடுக்கும் பணத்தை அளவில் போடுவதே மேல்.

சிபியுவுக்குப் பெரிய ஏர் கூலர் வைத்திருந்தால் ஸ்டிக்கின் உயரத்தையும் பாருங்கள். வெப்பம் கடத்தும் உலோகக் கவசம் இல்லாத ஸ்டிக் சுமார் 31 மில்லிமீட்டர். விளக்கு வைத்தவை 40-ஐத் தாண்டும், கூலரின் ஃபேனில் இடிக்கும்.

பொருத்தும்போது பவர் சப்ளையை அணைத்து, கேபிளைக் கழற்றி, கேஸின் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட், அதாவது ஏ2, பி2. வெட்டைப் பொருத்திப் பார்த்து, இரு முனைகளிலும் கட்டை விரலால் சமமாக அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் கிளிப் உள்ள போர்டுகளில்தான் ஏமாற்றம் நடக்கும். கிளிப் உள்ள முனை 'டிக்' என்று பூட்டிவிடும், எதிர்முனை ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். தங்க நிறப் பற்கள் இரு முனையிலும் ஒரே அளவு மறைந்திருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். டிடிஆர்5 முதல்முறை ஆன் செய்யும்போது மெமரி டிரெய்னிங்குக்கு (ரேமுக்கேற்பப் போர்டு தன்னைச் சரிசெய்துகொள்வது) சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து பவரை நிறுத்தாதீர்கள்.

பிறகு பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை, அதாவது ரேமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பை, ஆன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 6000 என்று வாங்கியது 4800-இல்தான் ஓடும். கணினி விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 3000 என்று காட்டினால் கலங்க வேண்டாம். ஒரு கிளாக்கில் இரண்டு முறை கடத்துவதால் அது பாதி எண்ணைக் காட்டும். பயாஸ் அப்டேட் செய்தாலும் போர்டில் உள்ள பேட்டரி தீர்ந்தாலும் இந்த அமைப்பு அழிந்து பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும், பலர் மாதக்கணக்கில் கவனிப்பதே இல்லை. ரைசன் 7000 வைத்திருப்பவர்கள் எக்ஸ்போ போட்ட பிறகு எஸ்ஓசி வோல்டேஜ் (சிபியுவில் மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.3 வோல்ட்டைத் தாண்டவில்லை என்பதையும் பாருங்கள். 2023-இல் சில சிபியுக்கள் கருகிய பிறகு ஏஎம்டி விதித்த வரம்பு அது. அதற்கு முந்தைய பயாஸ் இருந்தால் உடனே மாற்றுங்கள்.

விண்டோஸ் போடுவதற்கு முன்பே யுஎஸ்பியிலிருந்து மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை மென்பொருளை நான்கு சுற்று ஓட விடுங்கள். 32 ஜிபிக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ஆனால் இந்தச் சோதனையில் கிராஃபிக்ஸ் கார்டு சூடாவதில்லை. கேம் ஆடி ஒரு மணி நேரம் கழித்து மட்டும் முடங்கினால் ரேமின் வெப்பத்தையும் சந்தேகியுங்கள்.

ரேம் கோளாறு நேரடியாக முகம் காட்டாது. ஜிப் ஃபைல் பிரிக்கும்போது சிஆர்சி பிழை (ஃபைல் சிதைந்திருப்பதாகச் சொல்லும் செய்தி), பிரவுசர் டேப் திடீரென்று சாவது, மெமரி மேனேஜ்மென்ட் என்று நீலத் திரை, இப்படித்தான் தலைகாட்டும். முதலில் எக்ஸ்எம்பியை அணைத்து இரண்டு நாள் ஓட்டுங்கள். பிரச்சினை நின்றால் 6000-ஐ 5600 ஆக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் ஒவ்வொரு ஸ்டிக்காக ஏ2-இல் போட்டுச் சோதியுங்கள். பிழை ஒரே ஸ்டிக்கோடு போனால் ஸ்டிக் பழுது. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஏ2-இல் பிழை வந்து பி2-இல் வராவிட்டால் ஸ்லாட், அல்லது சிபியு சாக்கெட்டில் வளைந்த பின். கூலரை ஒரு பக்கமாக அதிகம் முறுக்கினாலும் ஒரு சேனல் காணாமல் போகும்.

பற்களை அழிரப்பரால் தேய்ப்பது பரவலான பழக்கம். அதன் துகள் ஸ்லாட்டுக்குள் விழும், மெல்லிய தங்கப் பூச்சும் தேயும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சில்லாத துணியால் ஒருமுறை துடைத்து, காய விட்டுப் பொருத்துங்கள்.

பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு ஸ்டிக் மட்டும் போனாலும் வாரண்டிக்குக் கிட்டின் இரண்டையும் அனுப்பச் சொல்வது வழக்கம். மாற்று வரும்வரை கணினியை ஓட்ட, போர்டுக்குப் பொருந்தும் பழைய ஸ்டிக் ஒன்று கையில் இருக்கட்டும்.