அலமாரிக்கான ஈரம் உறிஞ்சும் டப்பா: ஒரு மதிப்புரை

மதுரை மாசி வீதிக் கடையொன்றில் வாங்கிய, ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு உப்பு நிரம்பிய இந்த டப்பா, ஐப்பசி அடைமழையில் சுங்குடிச் சேலைகள் அடுக்கிய எங்கள் மர அலமாரிக்குள் காற்றின் ஈரத்தை இழுத்து, தன் அடிப்பகுதியில் நீராகத் தேக்கியது; பூசண வாடையும் குறைந்தது. ஆனால் அரைகுறையாக உலர்ந்த துணியை மடித்து வைப்பதும், அலமாரியைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவதும், சன்னல்களை நாள் முழுதும் அடைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் துணி காயப்போடுவதும் தொடர்ந்தால், எந்த டப்பாவும் ஈடுகொடுக்காது. வீட்டின் ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குக் கீழே வைத்தால்தான் பூசணம் அடங்கும். அதற்குக் காற்றோட்டமே முதல் வழி. மூடிய சிறு அலமாரிக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குளியலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன்தான் தேவை. தேங்கும் உப்புநீர் தோலுக்கு எரிச்சல் தரும், துணியையும் கெடுக்கும் என்பதால், டப்பாவைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், சாயாமல் வைக்க வேண்டும்.