கிரீன்ஸ்டோனா, டிஸ்பேஸா, ஓமெக்காவா: பழைய தமிழ் இதழ்களுக்கு எது தோது?

சென்னையில் பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் சிறு நூலகங்களும் சங்கங்களும் வீடுகளும் நிறைய. ஸ்கேன் வேலையை எப்படியோ முடித்துவிடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கில் குவிந்த பிடிஎஃப்களை வாசகர் தேடி எடுக்கும் நூலகமாக ஆக்குவதில்தான் பலருக்கு வேலை நின்றுபோகிறது. இதற்கென இருக்கும் திறமூல மென்பொருள்களில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: வாசகர் பார்க்கப்போகும் பக்கத்தை நாம் எவ்வளவு சீக்கிரம் பார்க்கலாம்? தமிழ்த் தொகுப்பின் கோளாறுகள் பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படும்.

கிரீன்ஸ்டோன் நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் உருவானது. யுனெஸ்கோவும் இதைப் பரப்பத் துணைநின்றது. சாதாரண மேசைக் கணினி போதும், இணையமே வேண்டாம். கோப்புகளை இழுத்துப் போடலாம், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றை நிரப்பலாம், தொகுப்பைக் கட்டித் தரும் பில்ட் பொத்தானை அழுத்தலாம். முடிந்ததும் பிரிவியூ கொடுத்தால் தொகுப்பு அப்படியே பிரவுசரில் திறக்கும்.

அங்கே முதலில் ‘சென்னை’ என்று தேடிப் பாருங்கள். ஐம்பதுகளின் இதழ் என்றால் முகவரியிலேயே அந்தச் சொல் இருக்கும். ஆனாலும் ஒரு முடிவுகூட வராமல் போகலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ‘னை’க்கு வேறு வடிவம்; ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் அதைத் தப்பாகப் படித்திருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப் என்றால், கண்ணுக்குத் தமிழ் தெரியும், தேடலுக்குள் போயிருப்பது ரோமன் எழுத்துக் குப்பை. அடுத்து ஆசிரியர் பட்டியலைத் திறங்கள். தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தும் வைக்காமலும் ஒரே ஆள் இரண்டு பேராக நிற்பார். ‘விகாரி வருஷம்’ என்று மட்டும் குறித்திருந்தால் அது 1899ஆ, 1959ஆ என்பதும் தீராது. இத்தனையையும் வெளியே யாரும் பார்ப்பதற்கு முன்பே திருத்திக்கொள்ள முடிகிறதே, அதற்காகவே எனக்கு கிரீன்ஸ்டோன் மேல் பிரியம்.

குறைகளும் உண்டு. விவரங்களில் ஒரு எழுத்தை மாற்றினாலும் மறுபடி பில்ட் செய்ய வேண்டும். பக்கத்தின் தோற்றத்தை மட்டும் மாற்றினால் அது தேவையில்லை. திரை பழைய பாணியில் இருக்கும். போனில் படிக்க வருகிறவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

டிஸ்பேஸ் வேறு ரகம். எம்ஐடியும் எச்பியும் சேர்ந்து 2002இல் வெளியிட்டது. நாடு முழுக்க ஆய்வேடுகளைத் திரட்டும் ஷோத்கங்கா ஓடுவது இதில்தான். ஒவ்வொரு ஆவணத்துக்கும் நிலையான முகவரி கிடைக்கும், பதிவேற்றியதை இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்கும் வசதியும் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன். ஆனால் ஜாவா, போஸ்ட்கிரெஸ், சோலார், 2021இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து நோட் என்று சர்வரில் ஓடும் துணை மென்பொருள்கள் எல்லாவற்றையும் பராமரிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் வேலையை விட்டுப் போனால்? தன்னார்வலர்களை நம்பி நடக்கும் மயிலாப்பூர் நூலகம் ஒன்றின் தலையில் இதைக் கட்டுவது நியாயமில்லை.

ஓமெக்கா அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்று மையம் உருவாக்கியது. பிஎச்பி, மைஎஸ்கியூஎல் உள்ள சாதாரண ஹோஸ்டிங் (வாடகைக்குக் கிடைக்கும் இணைய இடம்) போதும். ஒரு உருப்படியைப் பொதுவில் விடாமல் வைத்து, நிர்வாகியாக உள்ளே நுழைந்து தளத்தில் அது எப்படித் தெரிகிறது என்று பார்க்கலாம். மாற்றம் உடனே தெரியும், பில்ட் என்ற பேச்சே இல்லை. புகைப்படங்கள், நாடக நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள் என்றால் தயங்காமல் இதற்குப் போகலாம். கண்காட்சி போல அடுக்கிக் காட்ட இதுதான் அழகு. ஆனால் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்குள் ஒரு சொல்லைத் தேடுவதுதான் முக்கியம் என்றால் என் ஓட்டு கிரீன்ஸ்டோனுக்கே.

எதை எடுத்தாலும், விவரங்களை டப்ளின் கோர் (ஆவண விவரங்களைக் குறிக்கும் பொதுவான தரமுறை) தலைப்புகளின்படி தனியாக ஒரு எக்செல் தாளில் வைத்திருங்கள். அதை சிஎஸ்வியாக (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு வகை) மாற்றினால் மூன்றிலுமே உள்ளே கொண்டுவர வழி இருக்கிறது; நாளைக்கு மென்பொருளை மாற்றினாலும் தட்டச்சு செய்த உழைப்பு வீணாகாது. அப்புறம், கோப்புப் பெயருக்கு அந்த எக்செல் தாளில் ஒரு நெடுவரிசை ஒதுக்குங்கள். அந்தப் பெயர்களை மட்டும் இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள்.